பெரியம்மாளின் பால்கட்டு

1987 செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கிய மறுநாள், கள்ளக்குறிச்சி கடைவீதிக்குப் பின்புறம் இருந்த டாக்டர் எழில்மதியின் கிளினிக்கில் ஒருவர்கூட இல்லை. மணலூர்பேட்டையிலிருந்தும் சங்கராபுரத்திலிருந்தும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கிப் படியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் யாரும் வரவில்லை. வர வழியும் இல்லை. நாற்புறமும் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். கிளினிக்கில் வேலை செய்யும் பெண்ணும் வரவில்லை. எழில்மதி தானே அறையைப் பெருக்கி, ஊசிகளை வேகவைத்து எடுத்து அடுக்கிவிட்டு, பழைய வாரப் பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தவர் கண்ணாயிரம். ஊர்க்கோடியில் இருந்த வனத்துறை அலுவலகத்தில் ஒயர்லெஸ் பார்ப்பவர்.

"டாக்டரம்மா, மலைமேலருந்து கூப்டுக்கினே இருக்காங்க. வெள்ளிமலைப் பக்கம் ஒரு பொம்பளைக்கு நாலஞ்சு நாளாக் காய்ச்சலாம். அங்க கம்பவுண்டரும் இல்ல, நர்சும் இல்ல. கீழ எறங்கினவங்க திரும்பிப் போக முடியாம மாட்டிக்கினாங்க. போன மாசம் நீங்கதான மேல முகாமுக்குப் போனீங்க, அதான் உங்களக் கேக்குறாங்க."

"நான் எப்படிப் போறது? ஜீப் போகுமா?"

"ஜீப்பா? சைக்கிளையே நாலு எடத்துல தோள்மேல தூக்கிக்கினு வந்தேன். செட்டுல பேசுங்கம்மா. கேட்டுக்கினு மருந்து சொல்லுங்க."

எழில்மதி ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துப் பைக்குள் வைத்தாள். வாசல்வரை போன பிறகுதான் அது எதற்கு என்று தோன்றியது. ஆனாலும் எடுத்துக்கொண்டே நடந்தாள்.

அலுவலகத்தில் மேசைமேல் ஒயர்லெஸ் பெட்டி இருந்தது. கையில் பிடித்துப் பேசும் கருவியின் பக்கவாட்டில் ஒரு பொத்தான். அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் அந்தப் பக்கத்தைக் கேட்கலாம் என்று கண்ணாயிரம் காட்டிக் கொடுத்தார். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேச முடியாது. வனத்துறைக்காரர்கள் பேசி முடித்ததற்கு அடையாளமாக "ஓவர்" என்பார்கள்.

மேலே வன ஓய்வு விடுதியிலிருந்து பேசியவர் இருசப்பன் என்ற வனக்காவலர். காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, குளிர் தூக்கிப் போடுகிறது, தலை வலிக்கிறது, சாப்பிடவில்லை என்று வரிசையாகச் சொன்னார். நோயாளியின் பெயர் பெரியம்மாள். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும்.

"கர்ப்பமா இருக்காங்களா?"

"இல்லீங்கம்மா, ஓவர்."

"வேற ஏதாவது தொந்தரவு?"

"வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதுங்க, ஓவர்."

மலையில் குளிர்காய்ச்சல் புதிதல்ல. முகாம் நடந்தபோது மிஞ்சிய மருந்துப் பெட்டியை வன ஓய்வு விடுதியில்தான் விட்டுவிட்டு வந்திருந்தாள். அதிலிருந்து எந்த மாத்திரையை எடுத்து எப்படிக் கொடுப்பது என்று சொன்னாள். பேச்சு சீக்கிரமே முடிந்துவிட்டது. வேலை முடிந்தது என்ற திருப்தியோடு வீட்டுக்கு வந்து சமைத்துச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை கண்ணாயிரம் மறுபடி வந்து நின்றார். காய்ச்சல் குறையவில்லை. ஏறியிருக்கிறது.

இந்த முறை எழில்மதி வீட்டுக்காரரைப் பேசச் சொன்னாள். அவன் பெயர் அம்மாசி. ஒயர்லெஸ்ஸில் பேசிப் பழக்கமில்லாததால், எதிர் மலையில் இருப்பவனைக் கூப்பிடுவதுபோல் கத்தினான்.

"உடம்பெல்லாம் நெருப்பாக் கொதிக்குது. புள்ள எடுத்ததுலருந்தே சரியா எந்திரிக்கல. இப்ப படுத்த படுக்கையாயிட்டா!"

எழில்மதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "புள்ளையா? எப்பப் பொறந்துச்சு?"

 அம்மாசி குரலைத் தணித்துக்கொண்டு, "போன வாரம் பொறந்துச்சு. ரெண்டு நாள் இருந்துச்சு. தங்கல" என்றான்.

கர்ப்பமா என்று கேட்டோம், பிள்ளை பெற்றாளா என்று கேட்கவில்லையே என்று அவளுக்குச் சுருக்கென்றது. நேரில் வந்திருந்தால் கதவைத் தாண்டி நடந்து வரும் நடையிலேயே தெரிந்திருக்கும். பிள்ளை பெற்ற உடம்பில் காய்ச்சல் என்றால் கருப்பையில் சீழ் வைத்திருக்கலாம். அப்படி இருந்தால் மாத்திரையோடு போகிற விஷயமில்லை.

"வயிறு வலிக்குதா? ரத்தப்போக்கு எப்படி இருக்கு? நாத்தம் அடிக்குதா?"

"அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்?"

"அவங்களைப் பேசச் சொல்லுங்க."

பெரியம்மாளைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து உட்கார வைக்கும் சத்தம் கேட்டது. எழில்மதி அதே கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்டுவிட்டுப் பொத்தானை விட்டுக் காத்திருந்தாள். பதில் இல்லை. எங்கோ ஒரு பறவை கத்தியது, யாரோ மூச்சுவிடுவதுபோல் இருந்தது. அவ்வளவுதான். இன்னும் சத்தமாக, இன்னும் எளிய சொற்களில் கேட்டாள். அப்போதும் பதில் இல்லை.

திடீரென்று வேறொரு ஆண் குரல் உள்ளே வந்தது. "அம்மா, கரியாலூர்லருந்து பேசுறேங்க. எங்க தங்கச்சிக்கும் புள்ளப்பேறுல இப்பிடித்தான் ரத்தம் நிக்காம..."

நல்ல மனத்தோடுதான் அவர் சொன்னார். ஆனால் எழில்மதிக்குக் காது சூடேறிவிட்டது. அவள் கண்ணாயிரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாம பேசுறது எல்லாருக்கும் கேக்குமா?"

"எல்லா செட்டுலயும் கேக்கும்மா. மறியல் நேரம், எந்தப் பக்கம் இன்னா ஆவுதோன்னு எல்லாரும் தொறந்தே வச்சிக்கினு இருக்காங்க."

பிரசவமான ஒரு பெண்ணிடம், மலை முழுக்க ஆண்கள் கேட்டுக்கொண்டிருக்க, ரத்தம் போகிறதா என்று இரண்டு முறை கேட்டிருக்கிறோம். எழில்மதி கருவியை மேசைமேல் வைத்தாள். 

"எல்லாரையும் அணைக்கச் சொல்ல முடியுமா, அண்ணே?"

"சொல்றேன். அவசரத் தகவல் எதுனா வந்தாத்தான் கஷ்டம்."

"கொஞ்ச நேரம் போதும். எனக்காகக் கேளுங்க."

கண்ணாயிரம் கருவியை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். "எல்லா போஸ்ட்டுக்கும் சொல்றேன். டாக்டரம்மா அந்தப் பொண்ணுகிட்டத் தனியாப் பேசணுமாம். செட்ட அணைச்சுட்டு வெளிய போங்க. அர மணி கழிச்சுப் போட்டாப் போதும். நம்ம வூட்டுப் பொம்பளையா நெனச்சுக்கோங்க."

ஒவ்வொரு இடமாகப் பதில் வந்தது. அணைக்கிறேன் என்றார் ஒருவர். சரிங்க என்றார் இன்னொருவர். கடைசியாகக் கரியாலூர்க்காரர், "மன்னிச்சுக்கோங்கம்மா, தெரியாமப் பேசிட்டேன்" என்று சொல்லிவிட்டு அணைத்தார். பொத்தானை எப்படி அழுத்துவது என்று பெரியம்மாளுக்குக் காட்டிவிட்டு இருசப்பனும் அம்மாசியும் வெளியே போனார்கள். இங்கே கண்ணாயிரமும் கதவைச் சாத்திக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்.

"பெரியம்மா, இப்ப நீயும் நானும் மட்டுந்தான். என் பேரு எழில்மதி. நானும் பொம்பளதான். மெதுவாப் பேசு. எவ்வளவு நேரம் ஆனாலும் நான் இருக்கேன்."

எழில்மதி பொத்தானை விட்டாள். பிறகு மெல்லிய, வறண்ட குரல் வந்தது.

"இன்னா பேசுறது?"

"உன் புள்ளையப் பத்திச் சொல்லு. பையனா, பொண்ணா?"

அப்படிக் கேட்க வேண்டும் என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. கேட்ட பிறகுதான், முதலில் கேட்டிருக்க வேண்டியது இது என்று பட்டது.

"பையன்" என்றது குரல். "தலை நெறையா முடி. பொறந்ததும் அழுவல. தட்டித் தட்டி அழ வச்சாங்க. மறாநாள் கண்ணத் தொறந்து என்னப் பாத்தான். பால் குடிக்கத் தெரியல அவனுக்கு. வாயில வச்சா வழிஞ்சு போச்சு."

அவள் நிறுத்தினாள். எழில்மதி "ம்" என்றாள். பொத்தானை அழுத்தாமல் சொன்னதால் அந்த "ம்" மலைக்குப் போகவில்லை.

"இருக்கியா நீ?" என்று பெரியம்மாள் கேட்டாள். "போயிட்டியா?"

எழில்மதி அவசரமாக அழுத்தினாள். "இருக்கேன்மா. கேட்டுக்கினே இருக்கேன். வாயில வச்சா வழிஞ்சு போச்சுன்னு சொன்ன. அப்புறம்?"

நோயாளி எதிரே உட்கார்ந்திருந்தால் தலையை ஆட்டலாம், கையைப் பிடிக்கலாம், சும்மா இருந்தாலும் இருப்பது தெரியும். இங்கே வாயைத் திறந்து சொன்னால் ஒழிய அவள் இருப்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அதன்பின் ஒவ்வொரு முறையும் பெரியம்மாள் நிறுத்தியதும் எழில்மதி அவள் சொன்னதில் ஒரு துண்டை எடுத்துத் திருப்பிச் சொல்லிவிட்டு, "கேட்டுக்கினு இருக்கேன்" என்றாள்.

கொஞ்சம் கொஞ்சமாக உடம்பைப் பற்றியும் பேச்சு வந்தது. அடிவயிற்றில் வலி இல்லை. போக்கும் குறைந்துவிட்டது, நாற்றம் இல்லை. அப்படியானால் கருப்பையில் சீழ் இல்லை.

"மாரு எப்படி இருக்கு?"

"கல்லாட்டம் கீது. தொட முடியல. இடது பக்கம் செவந்து போயி நெருப்பாக் காயுது. ரவிக்கை பட்டாலே உயிர் போவுது."

அதுதான். பால் கட்டிக்கொண்டிருக்கிறது. குடிக்கப் பிள்ளை இல்லை, இறங்க வழி இல்லை, அதில் சூடு பிடித்துக் காய்ச்சல். எழில்மதி விளக்கமாகச் சொன்னாள். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுக்க வேண்டும். பிறகு மெதுவாக அழுத்திப் பாலைப் பீச்சி வெளியேற்றிவிட வேண்டும். வலி குறையும்வரை அப்படிச் செய்ய வேண்டும். மருந்துப் பெட்டியில் கறுப்பும் சிவப்புமாகக் கேப்ஸ்யூல் மாத்திரை இருக்கிறது, அதைச் சாப்பிட வேண்டும்.

"பீச்ச மாட்டேன்" என்றாள் பெரியம்மாள்.

"பீச்சலைன்னா சீழ் வச்சிரும்மா."

"வெக்கட்டும். அவன் குடிக்க வேண்டியத மண்ணுலயும் சட்டியிலயும் பீச்சிக் கொட்டச் சொல்றியா? கொட்டிட்டா இன்னா இருக்கு எங்கிட்ட?"

எழில்மதி பொத்தானை அழுத்தினாள். நீ சின்ன வயசு, அடுத்த பிள்ளை பிறக்கும் என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கிளினிக்கில் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிய வார்த்தை. சொல்லாமல் விரலை எடுத்தாள். மறுபடி அழுத்தினாள்.

"பெரியம்மா, நான் இங்கதான் இருக்கேன். நீ கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியல. நெஜமாவே தெரியல. ஆனா எங்கயும் போவல."

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. பெரியம்மாள் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே அழுதாள். அதனால் எழில்மதியால் ஒரு சொல்லும் சொல்ல முடியவில்லை. ஆறுதல் சொல்லவோ, போதும் என்று நிறுத்தவோ வழியில்லை. அழுகை முடியும்வரை முழுதாகக் கேட்டாள். அவள் கண்ணிலும் நீர் வந்தது. ஒருவரும் பார்க்காததால் துடைத்துக்கொள்ளவில்லை.

அழுது ஓய்ந்த பிறகு பெரியம்மாளே பேசினாள்.

"பெரியவங்க செத்தா மறாநாள் போயிப் பால் தெளிப்பாங்க. இவனுக்குத் தெளிக்கல. ரெண்டு நாள் புள்ளைக்கு அதெல்லாம் கெடையாதுன்னுட்டாங்க. மண்ணத் தள்ளி மூடிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துட்டாங்க. அன்னிக்கு என்ன வூட்ட வுட்டு வெளியவே வுடல." பிறகு கேட்டாள், "இத அங்க கொண்டு போயி ஊத்தலாமா? தப்பா?"

எழில்மதிக்கு அந்த மலை வழக்கம் எதுவும் தெரியாது. அனுமதி கொடுக்கத் தான் யார் என்றும் தோன்றியது. ஆனால் அந்தப் பெண் வேறு யாரிடமும் இதைக் கேட்கவில்லை.

"தப்பு இல்லம்மா. அவனோட பாலு. அவனுக்கு ஊத்து."

"வூட்ல வுட மாட்டாங்க."

"அம்மாசிகிட்ட நான் பேசட்டுமா?"

"ம்" என்று கேட்டது. பெரியம்மாள் பொத்தானை அழுத்தித்தான் சொல்லியிருந்தாள்.

பெரியம்மாள் வெளியே இருந்த அம்மாசியைக் கூப்பிட்டாள். மனைவிக்கு வந்திருப்பது என்ன காய்ச்சல், பாலை ஏன் வெளியேற்ற வேண்டும் என்று எழில்மதி அவனுக்குப் பக்குவமாகச் சொன்னாள். எங்கே ஊற்ற ஆசைப்படுகிறாள் என்பதையும் சொன்னாள். 

"நான் கூட்டிக்கினு போறேன்" என்றான். இந்த முறை அவன் கத்தவில்லை. "எங்கம்மா ஏசும். ஏசிட்டுப் போவுது. அவன் எனக்குந்தான புள்ள."

பிறகு இருசப்பன் வந்தார். மருந்துப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து நிறம் சொன்னார். "இது கறுப்பும் செவப்பும். கட்சிக்கொடி மாதிரி கீது. இதுவாங்கம்மா?"

"அதேதான். அட்டையில பேரைப் படிங்க."

அவர் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். சரியாக இருந்தது. சிவந்த இடம் பழுத்துக் குழைந்தால் அந்த நிமிஷமே டோலி கட்டித் தூக்கிவரச் சொன்னாள். "அடிவாரத்துக்கு நான் நடந்தாவது வந்துருவேன். அத மட்டும் பெரியம்மாகிட்டச் சொல்லிடுங்க."

கதவைத் திறந்து வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. கண்ணாயிரம் தன் தூக்குவாளியில் இருந்த மோரை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். எழில்மதி நின்றபடியே குடித்தாள்.

அடுத்த நாள் அவர் வந்து கூப்பிடும் முன்பே அவள் போய்விட்டாள். மலையில் எல்லா இடங்களிலும் சொல்லாமலே அணைத்துவிட்டார்கள் என்று கண்ணாயிரம் சொன்னார். பெரியம்மாளே பேசினாள். அம்மாசி கூடவே வந்து நின்றான், கொட்டாங்கச்சியில் பிடித்துக்கொண்டுபோய் ஊற்றினேன், மண் உடனே உறிஞ்சிக்கொண்டது என்றாள். மாமியார் ஏசவில்லை. அடுப்பில் வெந்நீர் வைத்துக் கொடுத்ததே அவள்தான். வலப்பக்கம் இளகிவிட்டது, இடப்பக்கம் இன்னும் கெட்டியாக இருக்கிறது. காய்ச்சல் இருந்தது, ஆனால் குளிர் தூக்கிப் போடவில்லை.

அதற்கு மறுநாள் கஞ்சி குடித்தாள். அன்று பேச்சு முடிகிற நேரத்தில் பெரியம்மாள் கேட்டாள்.

"உன் வூட்ல எல்லாம் நல்லா கீறாங்களா? கொரலு ஒரு மாதிரி கீதே."

எழில்மதி திகைத்தாள். நோயாளிகள் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் விட்டாள். எலவனாசூர்கோட்டையில் அம்மா தனியாக இருந்தாள். தம்பி வீரமணி மறியலுக்குப் போனவன் வீடு திரும்பவில்லை என்று முந்தின நாள் யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். விழுப்புரம் பக்கம் துப்பாக்கிச் சூடு என்று ரேடியோ சொன்னது. போன் கிடைக்கவில்லை.

"தம்பி எங்க இருக்கான்னு தெரியல, பெரியம்மா. நெனச்சா பயமா இருக்கு."

 "நான் இங்கதான் கீறேன்" என்றது குரல். "சொல்லு, கேக்குறேன்."

எழில்மதி சொன்னாள். சின்ன வயதில் கிணற்று மேட்டில் ஏறி நின்றுகொண்டு இறங்க மறுத்ததையும், கல்லூரியில் இடம் கிடைக்காமல் ஒரு வருடம் யாரோடும் பேசாமல் திரிந்ததையும், அந்தக் கோபத்தோடுதான் மறியலுக்குப் போனான் என்பதையும் சொன்னாள். பெரியம்மாள் புத்தி சொல்லவில்லை, தைரியமாக இரு என்று சொல்லவில்லை. "உம், அப்புறம்?" என்று மட்டும் பொத்தானை அழுத்திக் கேட்டாள்.

வீரமணி மறியல் முடிந்த மறுநாள் வீட்டுக்கு வந்தான். காலில் அடி, வேறொன்றும் இல்லை. எழில்மதி அதை முதலில் சொன்னது மலைக்குத்தான். மரங்களை அறுத்துச் சாலையோரம் தள்ளினார்கள். பஸ் ஓடத் தொடங்கியது. மலைக்கு நர்ஸ் திரும்பிப் போய்ப் பெரியம்மாளைப் பார்த்துவிட்டு, மார்பு ஆறிவிட்டது, காய்ச்சல் இல்லை என்று சொல்லியனுப்பினாள். ஒயர்லெஸ்ஸில் பேச வேண்டிய வேலை அதோடு முடிந்தது. கிளினிக் படியில் மறுபடி பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

தீபாவளி கழிந்து ஒரு நாள் முற்பகல். எழில்மதி குனிந்து மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள்.

"இது எங்கொழுந்தன் பொண்டாட்டி. மாசம் ஆறாவுது. நல்லாப் பாத்துச் சொல்லு."

பேனா நின்றது. ஒயர்லெஸ்ஸில் கேட்ட அதே குரல். எழில்மதி தலையைத் தூக்கினாள். உயரமாக, ஒல்லியாக, முகம் வாடியவளாகத்தான் அவளைக் கற்பனை செய்து வைத்திருந்தாள். எதிரே நின்றவள் குள்ளம். உருண்டை முகம், காதில் பித்தளைத் தோடு, முழங்கைவரை வளையல்.

"பெரியம்மாவா?"

பெரியம்மாளும் அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "நீதானா அது? நான் கெழவின்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன். சின்னப் பொண்ணா கீறியே!"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. கூட வந்த பெண் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எழில்மதி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு, இளையவளைக் கட்டிலில் படுக்க வைத்து நிதானமாகப் பார்த்தாள். குழந்தையின் துடிப்பு நன்றாக இருந்தது. ரத்தம் கொஞ்சம் குறைவு. பிரசவத்துக்குப் பத்து நாள் முன்பே கீழே வந்து தங்கிவிட வேண்டும் என்றாள்.

"கூட்டிக்கினு வந்துருவேன். எங்க வூட்ல பேசியாச்சு" என்றாள் பெரியம்மாள்.

"நீ எப்படி இருக்க?"

"இருக்கேன். சாமை அறுப்பு நடக்குது, காட்டுக்குப் போறேன். சில நாள் மத்தியானத்துல திடீர்னு வரும். களத்துலயே குந்திக்கினு அழுவேன். அப்புறம் எந்திரிச்சு வேலையப் பாப்பேன்." அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "அந்தாளும் அழுவுது. முன்ன எல்லாம் எனக்குத் தெரியாம அழும். இப்ப பக்கத்துல வந்து குந்திக்குது."

வெளியே அடுத்தவர்கள் காத்திருந்தார்கள். எழில்மதி அவளை அனுப்ப அவசரப்படவில்லை. மலைக்குப் போகும் மத்தியான பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு" என்றாள்.